நான் நீர்க்காகம் என்று சொன்னேன்

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ மூன்று விஷயம் சொன்னாய். வாலிநோக்கம் உப்பளத்தில் லேப் வேலை உறுதியாகிவிட்டது என்றாய். கல்யாணம் முடிந்த கையோடு வினோதினியையும் கூட்டிக்கொண்டு அங்கேயே குடிபோகப் போவதாகவும், கடலைப் பார்த்த மாதிரி ஒரு மாடி வீடு கிடைத்திருப்பதாகவும் சொன்னாய். அந்த மாடியில் நின்று பறவை பார்க்க ஒரு பைனாகுலர், அறுபது மடங்கு பெரிதாகக் காட்டுமாம், ஆஃபரில் வருகிறதாம், வாங்கவா என்று கேட்டாய். நான் மூன்றாவதுக்கு மட்டும் பதில் சொன்னேன். "அந்தக் கழுதைய வாங்காதலே" என்றேன். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே நாலாவதாக ஒன்றும் சொன்னாய். "வீட்டுக்காரம்மா ரொம்பத் தங்கமானவங்கம்மா. ராக்கம்மான்னு பேரு. நான் பறவை பாப்பேன்னு சொன்னதும், 'தூரத்துக் கண்ணாடி வச்சிருக்கியா தம்பி'ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க." அதற்கப்புறம் நீ பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயை அணைத்ததை உன் அய்யா வந்துதான் பார்த்தார்.

அந்த ராக்கம்மாவை எனக்குத் தெரியும். அவருக்கும் என்னைத் தெரியும். நீ என் மகன் என்பது மட்டும் அவருக்கு இன்னும் தெரியாது. இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கரையில் நின்று நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். ரெண்டு நாள் கழித்து அதே வார்த்தையைத் திரும்பவும் சொன்னேன். முதல் தடவை சொன்னது தப்பு. ரெண்டாம் தடவை சொன்னது பொய். நீ அந்த வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்னால் அவருக்கு அது தெரிந்தாக வேண்டும். உனக்கு மட்டும் தனியாக எழுதினால் நீ மடித்து பீரோவில் வைத்துவிடுவாய். என் மேல் உனக்குள்ள பாசம் அப்படி. அதனால்தான் ஊரறியப் பத்திரிகையில் எழுதுகிறேன். அச்சில் ஏறிவிட்டால் எனக்கும் பின்வாங்க வழியிருக்காது.

முதலில் நீ கேட்டதற்கே வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. எனக்குப் பறவை பார்க்கும் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று உன் அய்யாவைக் கேட்டால், "கலியாணத்துக்கு முந்தியே இருந்திருக்கு, தரகர் மறைச்சுட்டாரு" என்பார். பொய். கமுதிப் பக்கம் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் தீபாவளிக்கு நான் உன் அய்யாவிடம் வெடி கேட்டேன். "இந்த ஊர்ல யாரும் வெடி போடமாட்டாக" என்றார். கண்மாய்க்குள் கருவேல மரமெல்லாம் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருந்தன. சத்தம் கேட்டால் குஞ்சை விட்டுவிட்டுப் போய்விடும் என்று ஊரே வெடியை விட்டிருந்தது. எந்தப் பறவைக்காக என் தீபாவளி போனதோ அதைப் பார்த்துவிடுவோம் என்று கோபத்தோடுதான் கண்மாய்க் கரைக்குப் போனேன். பட்டுப்போன மரத்து உச்சியில் ஒரு நீர்க்காகம் ரெண்டு சிறகையும் விரித்துக் காயப்போட்டுக்கொண்டு நின்றது. நெல் காயப்போட்டுவிட்டுக் காவல் நிற்கிற சம்சாரி மாதிரி அப்படியே அசையாமல் நின்றது. அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை அந்தக் காட்சியைப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

உனக்கு ஆறு வயதில் தை அமாவாசைக்கு மூன்று பேரும் ராமேஸ்வரம் போனோம். உன் அய்யா அவருடைய அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு ஈர வேட்டியோடு நிற்கிறார். நான் உன்னை இழுத்துக்கொண்டு சங்குக் கடை வரிசையில் போகிறேன். ஒரு கடையில் சோழி மாலைக்கும் பிளாஸ்டிக் தோணிக்கும் நடுவே அந்த பைனாகுலர் தொங்கியது. லென்ஸ் ரெண்டும் மாணிக்கக் கல் மாதிரிச் சிவப்பு. மேலே 'அறுபது' என்று தங்க எழுத்து. கடைக்காரர் என் கையில் கொடுத்து, "அங்கன பாருங்கம்மா, அந்தப் படகுல இருக்கவன் மீசை தெரியும்" என்றார். உச்சி வெயிலில், பக்கத்தில் நின்ற படகில் மீசை தெரியத்தான் செய்தது. வெறும் கண்ணுக்கும் அது தெரிந்திருக்கும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. உன் அய்யா பார்த்துவிட்டு, "மொளகாக் காட்டுல குருவி விரட்ட வாங்குனியா, பாக்க வாங்குனியா?" என்று கேட்டார். நான் அன்று முழுக்க அதைக் கழுத்தை விட்டுக் கழற்றவில்லை.

அந்தச் சாமானில் என்னென்ன கோளாறு என்று இப்போது சொல்கிறேன், நீ ஆஃபரில் பார்த்ததும் அதன் தம்பியாகத்தான் இருக்கும். மடங்கு கூடக் கூட உன் கை நடுக்கமும் அத்தனை மடங்கு கூடும். இதை எந்தப் பெட்டியின் மேலும் எழுதமாட்டான். எட்டு மடங்குக்குக் கை தாங்கும். பத்து, உன் வயதுக்குத் தாங்கும், காற்று இல்லாத நாளில். அறுபது மடங்கை அந்தக் கடற்கரைக் காற்றில் பிடித்து நிறுத்த மனுஷ ஜாதிக்கு முடியாது. ரெண்டாவது, வெளிச்சம். எட்டுக்கு நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு, முன் லென்ஸின் அகலம் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். பெரியதைச் சின்னதால் வகுத்தால் வருவது உன் கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்ச வட்டத்தின் அகலம். அது அஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தால் மங்கிய நேரத்திலும் பறவை தெரியும். என்னுடைய அறுபதில் அது ஊசித் துளை. நர்ஸாக ஊசி போட்டே பிழைத்தவள் நான், ஊசித் துளை வழியாக எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாமல் போனது பார். மூன்றாவது, ரெண்டு குழலும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். மலிவுச் சாமானில் ஒன்று கிழக்கே பார்க்கும், ஒன்று வடகிழக்கே பார்க்கும். உன் மூளை ரெண்டையும் சேர்த்துவைக்கப் பாடுபட்டுத் தலைவலி வாங்கிக்கொள்ளும்.

நீ பிறந்து நாலைந்து வருஷத்திலேயே என்னை வாலிநோக்கம் பக்கம் துணை சுகாதார நிலையத்தில் போட்டார்கள். கிராம நர்ஸ் வேலை. பக்கத்தில் சிக்கல் என்ற ஊரில் ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை ஊருக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை ஓடுவேன். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடலோரக் குப்பத்துக்குப் போவேன். ஊசி போட்டு முடித்து பஸ் வரும்வரை கரையில் நின்று பறவை பார்ப்பேன். "நர்ஸம்மா என்னத்தத்தான் பாக்குறாக" என்று சனம் சிரிக்கும். சிரித்தாலும் அவர்களுக்கு அந்தக் கண்ணாடியின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. தொலைவில் என்ன படகு வருகிறது, யாருடையது என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். நானும் சொல்ல ஆரம்பித்தேன். பாதி நேரம் குத்துமதிப்புதான். படகு கரைக்கு வந்ததும் நான் சொன்னது சரியாக இருந்தால் ஊரே மெச்சும். தப்பாக இருந்தால் யாரும் நினைவு வைத்துக்கொள்ளமாட்டார்கள். அப்படியே எனக்குத் தலைக்கனம் ஏறியது.

உன் வீட்டுக்கார ராக்கம்மா, எனக்கு ராக்கு அக்கா, அப்போது அந்தக் குப்பத்தில்தான் இருந்தார். மகள் வயிற்றுப் பேத்திக்கு ஊசி போடக் கூட்டிவருவார். பிள்ளை அழுவதற்கு முன்னால் இவர் அழுதுவிடுவார். மகன் வேலு. இருபத்திரண்டு வயது. தெர்மாகோலை வலையால் சுற்றிக் கட்டி ஒரு மிதவை செய்து வைத்திருந்தான், ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடலாம். விடியலில் அதில் போய் நண்டு வலையைத் தூக்கிக்கொண்டு மதியத்துக்குள் கரையேறிவிடுவான். என்னைக் கண்டால், "நர்ஸம்மா, எனக்கு ஊசி வேணாம், மாத்திரை குடுங்க" என்று கேலி பேசுவான்.

கார்த்திகை மாதம், புதன்கிழமை. வாடைக்காற்று வெறிபிடித்து அடித்தது. ஊசி முடிந்து ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டிருக்கிறேன், ராக்கு அக்கா ஓடிவந்தார். "நர்ஸம்மா, பய இன்னும் கரையேறல. அங்கன ஒரு கருப்பு தெரியுது. ஆளு மாதிரி இருக்கு. கொஞ்சம் வந்து பாருங்களேன்." போனேன். சாயங்காலம் அஞ்சரை இருக்கும், வானம் மூடிக் கிடந்தது, வழக்கத்தைவிட முன்னாலேயே இருட்டு கட்டியது. கரையில் அவருடைய மருமகனும் இன்னும் ரெண்டு பேரும் ஒரு ஃபைபர் படகைத் தண்ணீர் வரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். அலை மடேர் மடேரென்று விழுந்தது. அந்தக் கடலில் படகை இறக்குவது உயிரோடு விளையாடுவதுதான், அவர்களுக்கும் அது தெரியும். ஆனாலும் இறக்கத் தயாராகத்தான் நின்றார்கள். மருமகன், "நர்ஸம்மா பாத்துச் சொல்லட்டும். அவுகதான் கண்ணாடி வச்சிருக்காக" என்றார்.

நான் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன், ஏனென்றால் அதை மாட்டிக்கொண்டு அந்தச் சனியனில் பார்க்க முடியாது. பார்க்கிற துளை கண்ணோடு ஒட்டினால்தான் ஏதாவது தெரியும். எனக்கு சிலிண்டர் பவர் உண்டு. கண்ணாடியைக் கழற்றினால் கோடெல்லாம் கோணலாகும். அறுபதில் வைத்தேன், சாம்பல் நிறம் குதித்தது. விசையைத் தள்ளி மடங்கைக் குறைத்தேன். ரெண்டு குழலும் ரெண்டு கடலைக் காட்டின, ஒரு கண்ணை மூடிக்கொண்டேன். நீளமாக ஏதோ மிதக்கிறது. அதன்மேல் கறுப்பாக ஒன்று. அது ரெண்டு பக்கமும் விரிந்தது. மூடியது. மறுபடி விரிந்தது. மூடியது. எனக்குத் தெரிந்த படம். எங்கள் கண்மாயில் ஆயிரம் தடவை பார்த்த படம். சம்சாரி வீட்டுக்காரி நான், கண்மாயைப் பார்த்த கண்ணாலேயே கடலையும் பார்த்தேன்.

"நீர்க்காகம்க்கா. கட்டை மேல உக்காந்து ரெக்கையக் காயப்போடுது" என்றேன்.

இப்போது நான் சொல்லப்போவதை இதுவரை உன் அய்யாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்த வார்த்தை வாயைவிட்டு வெளியேறும்போதே உள்ளே ஒன்று இடறியது. காயப்போடும் நீர்க்காகம் விரித்தால் விரித்தபடி நிற்கும். இப்படி மூடி மூடித் திறக்காது. அது எனக்குத் தெரியும், என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் நாலு முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பஸ் வேறு ஹாரன் அடித்தது. 'தெரியலை' என்ற ஒரு சொல்லை அந்த முகங்களுக்கு முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நான் மட்டும் தெரியலை என்று சொல்லியிருந்தால் அந்தப் படகு இறங்கியிருக்கும்.

ராக்கு அக்கா நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். "நல்லவேளை, நீங்க பாத்துச் சொன்னீக. என் வயித்துல பால வாத்தீக நர்ஸம்மா. பய மூக்கையூர்ப் பக்கம் கரையேறியிருப்பான், வரட்டும், வெளக்கமாத்துக் கட்டையால சாத்துறேன்" என்றார். உலை வைக்க வேண்டும் என்று வீட்டுப் பக்கம் நடந்தார். மருமகனும் மற்ற ரெண்டு பேரும் படகை மேடேற்றினார்கள். நான் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தேனா இல்லையா என்று இன்றுவரை நினைவில்லை.

மறுநாள் மதியம் மூக்கையூர்ப் பக்கம் வேலு ஒதுங்கினான். வெள்ளிக்கிழமை நான் அந்த வீட்டுக்குப் போனேன். உடலை எடுத்து வந்தவர்களில் ஒருவர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். "வலது மணிக்கட்டுல தன் கருப்புச் சட்டையோட கைப்பக்கத்த முடிஞ்சிருந்தான். நனைஞ்சு இறுகிப்போச்சு, அவுக்க முடியல, அறுத்துத்தான் எடுத்தோம். எதுக்குக் கட்டுனான்னே தெரியல." இன்னொருத்தர், "குளிருக்கு இருக்கும்" என்றார். எதுக்கென்று எனக்குத் தெரிந்தது. அந்தக் காற்றில் சட்டையை வீசிக் காட்டுகிறவன் அது பறந்துபோகாமல் இருக்கக் கையோடு முடிந்துகொள்வான். உள்ளே போனேன். ராக்கு அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நர்ஸம்மா, அன்னைக்கு நீங்க பாத்தது நீர்க்காகந்தானே?"

"ஆமாக்கா" என்றேன்.

"அப்பச் சரி. எம்புள்ள அங்கன இல்ல. முன்னாடியே போயிட்டான். நான் பாத்துக்கிட்டே அவனச் சாக விடல" என்றார். அவர் மனசு ஆறட்டும் என்று சொன்னதாகப் பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் மனசு ஆறத்தான் சொன்னேன். மூன்று மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

உனக்கு எட்டு வயதில் டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து அந்தச் சிவப்பு லென்ஸ் பைனாகுலரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாய். நான் பின்னாலேயே ஓடிவந்து உன் கன்னத்தில் அறைந்தேன். நாலு விரலும் பதிந்தது. ராத்திரி வரை நீ சோறு தின்னவில்லை. "உங்கம்மாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று அய்யா உன்னைத் தூக்கிக்கொண்டு போனார். பெரியவனான பிறகும் ஒருதடவை, "எதுக்கும்மா அன்னைக்கு அடிச்ச?" என்று கேட்டாய். சூரியனைப் பார்த்துவிடுவாய் என்று பயந்தேன் என்றேன். பைனாகுலரில் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும் என்பது உண்மை, அதை மறக்காதே. ஆனால் அந்த அறைக்குக் காரணம் அது இல்லை. நீ மாடியில் நின்று, "அம்மா, அங்கன யாரோ கைய ஆட்டுறாக" என்று கத்தினாய். பக்கத்துத் தோட்டத்தில் காக்கா விரட்ட வைத்த பொம்மை அது. அது பொம்மை என்று நான் பார்க்குமுன் என் கை உன் கன்னத்தில் விழுந்துவிட்டது. என்னை மன்னித்துக்கொள் ராசா.

நீ பன்னிரண்டாவது படிக்கும்போது மதுரைக்குப் போய் நல்ல பைனாகுலர் வாங்கி வந்தேனே, ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இனிமேல் ஒருத்தர் கேட்டால் சரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு வெறி. கடையில் ரெண்டு மணி நேரம் நின்றேன், கடைக்காரப் பையன் சலித்துப்போனான். நீ வேறு எங்கே வாங்கினாலும் இதே மாதிரி பார். கையை நீட்டிப் பிடித்துப் பின்பக்கத் துளையைப் பார்த்தால் வெளிச்ச வட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் உள்ளே இருக்கிற கண்ணாடி மட்டம். கடைக்கு வெளியே வா. வெயிலில் நிற்கும் போர்டைப் பார்க்காதே, அதை எதுவும் காட்டும். எதிர்க்கடையின் கூரைக்கு அடியில் நிழலுக்குள் என்ன இருக்கிறது என்று பார். மின்கம்பத்தின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாகக் கோடு ஓடினால் வைத்துவிடு. லென்ஸில் லேசான பச்சைச் சாயல் இருக்கலாம், ரத்தச் சிவப்பு ஆகாது. உப்புக் காற்றில் இருக்கப்போகிறவன் நீ. உள்ளே ஈரம் புகாமல் நைட்ரஜன் அடைத்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாய். கண்ணாடியைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று பார். இதை மட்டும் எனக்காக ரெண்டு தடவை பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வைக்கிற பைனாகுலரை உன் வீட்டுக்குள் விடாதே.

ஆனால் நீ வாங்கவே வேண்டாம். என்னுடைய எட்டுக்கு நாற்பத்திரண்டை உனக்கே தருகிறேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குப் பார்வை பரவாயில்லை, கைதான் ஆடுகிறது. உப்பளப் பாத்தியில் உப்புக்கொத்தி, உள்ளான் என்று சின்னக் கரைப்பறவையெல்லாம் ஒரே மண்ணு நிறத்தில் ஓடும். கால் என்ன நிறம், கழுத்தில் பட்டை இருக்கிறதா என்று அதில் பிரித்துப் பார்க்கலாம். நடுச் சக்கரம் ரெண்டு கண்ணுக்கும் பொது. வலது கண் பக்கம் ஒரு சின்ன வளையம் இருக்கிறது, அது ஆளுக்கு ஆள் மாறும். வினோதினி பார்த்துவிட்டுக் கொடுத்தால் உனக்கு மங்கலாகத் தெரியும். அவளைக் குறை சொல்லாமல் வளையத்தைத் திருப்பிக்கொள். கல்யாணத்துக்கு நான் சொல்லும் புத்தி அவ்வளவுதான். கடலைப் பார்த்து நிற்கும்போது அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொள். தனுஷ்கோடியில் என்னை ஒரு போலீஸ்காரர், "யாருக்கும்மா சிக்னல் குடுக்குறீக?" என்று கேட்டார். என் தலை நரையைப் பார்த்துத்தான் விட்டார். அந்தக் கரையில் கண்ணாடி வைத்திருப்பவனை ஒன்று சந்தேகப்படுவார்கள், இல்லாவிட்டால் நம்பிவிடுவார்கள். சந்தேகப்பட்டால் தப்பித்துக்கொள்ளலாம்.

உன்னை நம்பித்தான் கேட்பார்கள், தம்பி. ஒருநாள் காற்று அடிக்கும், கரையில் படகு தயாராக நிற்கும், யாராவது உன் கையைப் பிடித்து, அங்கன என்ன தெரியுது என்பார்கள். தெரிந்தால் சொல். தெரியாவிட்டால் அந்த நொடியே, எத்தனை பேர் நின்றாலும், தெரியலை என்று சொல். பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றி அவர்கள் கையிலேயே கொடு.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது நேற்று முதன்முறையாக உன் அய்யாவிடம் சொன்னேன். மிளகாய் வத்தலைக் கூட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விளக்கமாற்றைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ஓட்டக் கண்ணாடியவே கொண்டுபோய்க் குடு. அவுகளே பாக்கட்டும். அதுல என்ன எழவு தெரியும்னு அவுகளுக்கே புரியும்" என்றார். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார், பாவம். நான் முடியாது என்றேன். பழியில் பாதிதான் அந்தக் கண்ணாடிக்கு. மிச்சப் பாதி என் வாய்க்கு. "அப்ப வேற வீடு பாக்கச் சொல்லு பயல. இருவது வருசம் ஆறிக் கெடக்குறதக் கிளறி என்னத்தக் காணப்போற?" என்றார். நானும் ஒருநாள் முழுக்க அதைத்தான் யோசித்தேன். பிறகு நீ சொன்னது நினைவுக்கு வந்தது. தூரத்துக் கண்ணாடி வச்சிருக்கியா என்று ரெண்டு தடவை கேட்டாராமே. மனசு ஆறியவர் ரெண்டு தடவை கேட்பாரா? என் 'ஆமாக்கா'வை அவர் ஒருநாளும் நம்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாராவது வந்து வேறு பதில் சொல்லமாட்டார்களா என்று இருபது வருஷமாகக் கடலைப் பார்த்து வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த வீட்டுக்குத்தான் என் மகனே மருமகளைக் கூட்டிக்கொண்டு போகிறான்.

நீ பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் நான் தனியாகப் போகிறேன். நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் உன் அம்மாவை நம்பாதே. இதற்கு முன்னால் ரெண்டு தடவை இதே எண்ணத்தோடு கிளம்பி, ஒருதடவை சிக்கல் ஊரோடு திரும்பினேன், இன்னொரு தடவை வாலிநோக்கம் வரை போய் பஸ்ஸைவிட்டு இறங்காமலே திரும்பினேன். இந்தத் தடவையும் நான் அப்படித் திரும்பிவிட்டால், நீ சாமான் இறக்குமுன், அடுப்புப் பற்றவைக்குமுன், இந்தக் கடிதத்தோடு கீழ்வீட்டுக் கதவைத் தட்டு. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஏசினால் வாங்கிக்கொள், அது எனக்குச் சேரவேண்டியது. வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பாத்திரத்தைக் கட்டு. ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் அவரைவிட்டு நகராதே, பக்கத்தில் உட்கார். முழுக் கடிதத்தையும் வாசிக்கத் தேவையில்லை. இங்கே கடைசியில் எழுதியிருப்பதை மட்டும், அவர் காதில் விழும்படி, நிறுத்தி வாசி.

ராக்கு அக்கா, நான் கமுதிப் பக்கத்து நர்ஸ். அன்னைக்கு நான் பாத்தது நீர்க்காகம் இல்ல. நீங்க சொன்னதுதான் சரி. உங்க மகன் உசுரோட இருந்தான், சட்டையத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கிட்டு இருந்தான்.